பத்தரை மணி ஜீப் ஐந்து மணிக்கு வந்த கதை

புரோகிராம் எழுதுகிறோம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், லைப்ரரி என்ற பெயரில் யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்களைக் கூட்டிவந்து ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்காரவைப்பதுதான் இந்தத் தொழிலில் முக்கால்வாசி வேலை. நானும் என் மலையாளிக் கூட்டாளி ஜின்சியும் சின்னக்கானல் என்ற மலையூரில் ஒரு பேக்கரி மாடியில் இந்தப் பிழைப்பை நடத்துகிறோம். இதே வேலையில் அல்லாடும் சக ஜீவன்களே, உங்களுக்காவது இது புரியும்.

ஏறும் வரிசை

சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர்களின் சங்கம்தான் எங்களுக்கு ஒரே வாடிக்கையாளர். பயணிகள் பதிவு செய்தால், எந்த லாட்ஜுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று டிரைவருக்கு எங்கள் புரோகிராம் செய்தி அனுப்பும். பாதி டிரைவர்களுக்கு இது பிடிக்கவில்லை, போனே போதும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. வேண்டாம் என்றால் நான் மாடியைக் காலி செய்துவிட்டுக் கொச்சிப் புழுக்கத்துக்கே திரும்ப வேண்டியதுதான். நினைத்தாலே வியர்த்தது.

சங்கச் செயலாளர் முத்துராஜ் அண்ணன், உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டார். ரூபி என்கிற புரோகிராம் மொழியில் தேவையான லைப்ரரிகளை ஒரு பட்டியலாக எழுதுவோம், பண்ட்லர் என்கிற மேனேஜர் சரியான பதிப்புகளைப் பிடித்துவந்து அதே வரிசையில் ஏற்றிவிடும் என்றேன். அண்ணன் தலையை ஆட்டினார்.

"ஜீப்புலயும் அப்படித்தான பாப்பா. கடைசியா எறங்குற ஆளு மொதல்ல ஏறணும். இல்லன்னா வழி பூராவும் எறங்கி எறங்கி ஏறணும்."

ஜின்சியின் அழகுணர்ச்சி

ஜின்சி தட்டில் இருக்கும் பப்ஸைக்கூட அளவு பார்த்து அடுக்குகிறவள். ஒருநாள் அந்தப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கிவிட்டாள். முதல் வரியில் இருந்தது எங்கள் செட்டிங்ஸைப் படித்து, "நாம் இந்திய நேரம்" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் லைப்ரரி. அது நடுவில் போய் மாட்டிக்கொண்டது. செய்தி அனுப்பும் லைப்ரரி முந்திக்கொண்டு ஏறியது, நேரம் சொல்ல ஆள் இல்லாததால் எங்கள் புரோகிராம் ஓடுகிற வாடகைக் கம்ப்யூட்டரின் நேரத்தையே எடுத்துக்கொண்டது. அது உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால்.

எங்கள் லேப்டாப்புகளில் கடிகாரமே இந்திய நேரம் என்பதால் சோதனை எல்லாம் பச்சை, அதாவது பாஸ். பண்ட்லரும் வாயைத் திறக்கவில்லை. ஆள் எல்லாம் வந்தாயிற்று, பதிப்பும் சரி, அதற்கு அவ்வளவுதான் கவலை. ஜின்சி கையைக் கட்டிக்கொண்டு திரையை ரசித்தாள்.

"நோக்கு சேச்சி, இப்போ எந்து பங்கி, என்ன அழகு!"

தேனிலவு ஜோடி

மறுநாளைக்கான பத்தரை மணிப் பயணங்கள் அத்தனையும் காலை ஐந்து மணி என்று டிரைவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் ஊர் ஜீப் புட்டும் கடலையும் உள்ளே போகாமல் கிளம்பாது. இருந்தாலும், பட்டணத்துக்காரர்களுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது என்று நினைத்து அண்ணன் தன் ஜீப்பில் போய் முதல் ஆளாக லாட்ஜ் கதவைத் தட்டியிருக்கிறார். குரங்குக் குல்லாவும் கம்பளியுமாகப் புது மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நாங்க தேனிலவுக்கு வந்திருக்கோம், பள்ளிக்கூடத்துக்கு இல்ல."

பழுது பார்த்தது

அண்ணனின் போன் வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். விஷயத்தைக் கண்டுபிடித்து, நடுவில் கிடந்த வரியை மறுபடி உச்சியில் வைத்தேன். சரியாகிவிட்டது. மாடியேறி வந்த அண்ணனிடம் பழுதைக் காட்டினேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒத்த வரிய மேல தூக்கி வைக்கிறதுக்கா ஒங்கப்பா ஒன்ன நாலு வருசம் படிக்க வச்சாரு?"

ஞாயிற்றுக்கிழமை

கூட்டத்துக்குப் போகும்போதே பேக்கரிக்காரரிடம் மாடியைக் காலி செய்வதாகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அங்கே ஒரே சிரிப்பு. எழுந்ததுதான் எழுந்தோம் என்று கிளம்பிய பயணிகள், மேகத்துக்கு நடுவே சூரியன் வருவதையும் அணைக்கு அக்கரையில் யானைக் கூட்டம் தண்ணீர் குடிப்பதையும் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அண்ணனைக் கட்டிப்பிடித்தே விட்டாராம். படங்களைப் பார்த்த வேறு ஆட்களும் "அந்த அஞ்சு மணி ஜீப்" கேட்டு அழைக்கிறார்கள். புரோகிராம் இருக்கட்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். அண்ணன் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"பாப்பா, அந்த வரிய மறுபடி கீழ எறக்கிவிட முடியுமா?"

இப்போது ஐந்து மணிப் பயணம் முறைப்படி பதிவில் இருக்கிறது, அந்த வரி அசையாமல் உச்சியில் இருக்கிறது, ஜின்சி மட்டும் இதைத் தன் கண்டுபிடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.