சேர் சொன்னால் சரி

கடுகண்ணாவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு, போன வருட மழையில் ஒரு பிற்பகல் சரிந்து குசினிச் சுவர்வரை வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கோழிக்கூடு மட்டும் போனது. மிச்ச மேட்டைத் தாங்க ஒரு கருங்கல் சுவர் கட்டியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தோம்.

நான் பொறியியலாளர். மலைநாட்டு வீதியோரங்களில் மண் சரியாமல் சுவர் கட்டுவிப்பதுதான் இருபது வருடமாக என் தொழில். என் கணவர் பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த எதிலும் இது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சுவர் கட்ட வந்த மேசன் பாஸ் ஹேவாஹெட்டக்காரர். நானும் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள்தான், பேச்சு ஒன்றாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். நான் வரைந்து வைத்திருந்த பிளேனை மேசையில் விரித்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "சேர் இல்லீங்களா மிஸ்?" என்று கேட்டார். சேர் நாலு மணிக்குத்தான் வருவார், வேலையைப் பற்றி என்னோடு பேசலாம் என்றேன். பரவாயில்லை, இருக்கிறேன் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணித்தியாலம் இருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கணவர் வந்ததும் பாஸ் எழும்பி நின்று எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். இவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். நான் நடுவில் புகுந்து என் தொழிலைச் சொன்னேன். பாஸ் மரியாதையாகத்தான் சிரித்தார். மிஸ் ஒஃபிஸில் இருக்கிறவங்க, இது மண்ணில் இறங்கிச் செய்கிற வேலை என்றார். என் சப்பாத்தில் அன்று காலை சைட்டில் மிதித்த சேறு இன்னும் காயவில்லை.

நான் முக்கியமாகச் சொன்னது ஒன்றுதான். மழைத் தண்ணீர் மேட்டில் ஊறி சுவருக்குப் பின்னால் தேங்கும். அது வெளியேற சுவரில் குழாய் வைத்து ஓட்டை விடவேண்டும். விடாவிட்டால் தண்ணீரின் பாரத்திலேயே சுவர் வயிறு தள்ளி ஒருநாள் விழும். பாஸ் தலையாட்டினார். மூன்றாம் நாள் நான் வேலையால் வந்து பார்த்தபோது சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. ஒரு ஓட்டைகூட இல்லை.

கேட்டேன். பாஸ் போனில் சேருக்குக் கோல் எடுத்துக் கேட்டாராம். ஓட்டை இல்லாவிட்டால் பார்க்க வடிவாக இருக்கும் என்று சொன்னாராம். சேரும் சரி என்றாராம்.

அன்று குசினியில் வைத்து என் கணவரைப் பிடித்தேன். அவர் மறுக்கவில்லை. பாஸ் முப்பது வருடமாகச் செய்கிறவர், தனக்கு இதில் என்ன தெரியும், அதனால்தான் ஓம் என்றேன் என்றார்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. இல்ல என்னைக் கேக்கச் சொல்லியிருக்கலாம்."

வெங்காயத் தோலை அள்ளிக் கூடையில் போட்டார். பிறகு சொன்னார், "வீட்டுக்காரன் தெரியாதெண்டு சொன்னா அது ஒரு மாதிரியெல்லே."

கல்யாணமாகி பதினெட்டு வருடம். வீட்டுவேலையில் பாதியைச் செய்கிற மனிதர், மகளிர் தினத்துக்குப் பாடசாலையில் நன்றாகப் பேசுகிறவர். அவருக்குள்ளேயும் அந்த வீட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபத்தைவிட அலுப்புத்தான் கூடுதலாக வந்தது.

"நீர் எனக்குச் சொல்லித் தாரும், நான் அவருக்குச் சொல்லுறன்," என்றார்.

நான் அதற்குச் சம்மதித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, சுவர் எழும்பிக்கொண்டிருந்தது, யார் வாயால் போனாலும் ஓட்டை வந்தால் போதும் என்று நினைத்தேன். ஐந்தடிக்கு ஒரு குழாய், மூன்று வரிசை, குழாய்க்குப் பின்னால் சல்லிக்கல். இதை அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன். சோதனைக்குப் போகிற பிள்ளைபோல நடந்து நடந்து சொல்லிப் பார்த்தார். எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "அம்மா, நீங்களே சொல்ல ஏலாதா?" என்று கேட்டாள். வேலை முடியணும்ல என்றேன். அவள் புத்தகத்தைத் திரும்பத் திறந்தாள்.

மறுநாள் காலை கணவர் பின்பக்கம் போய், மூன்றடிக்கு ஒரு குழாய், ஐந்து வரிசை என்று ஒப்பித்தார். நான் ஜன்னலில் நின்று இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் இருமிவிட்டுத் திருத்திச் சொன்னார்.

"சேர் சொன்னா சரி," என்றார் பாஸ். கட்டியதை இடித்துவிட்டு அன்றைக்கே குழாய் வைக்கத் தொடங்கினார்.

அடுத்த மழைக்கு எங்கள் சுவர் அசையவில்லை. குழாய்களால் தண்ணீர் வடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய மதில் விழுந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து, அதேபோல் ஒரு சுவருக்கு யோசனை சொல்லும்படி கணவரிடம் கேட்டார். நான் குசினியிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அது அவ செய்த பிளேன். எனக்கு இதில ஒண்டும் தெரியாது. அவவைக் கேளுங்கோ," என்றார் கணவர்.

பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மாஸ்டருக்குத் தன்னடக்கம் கூட என்றார். கணவர் மறுபடியும் சொன்னார். அவர் இன்னும் சிரித்தார். அவர் போனபிறகு கணவர் கதிரையில் விழுந்து, தான் உண்மையைச் சொல்லியும் அந்த மனிதன் நம்பவில்லையே என்று அலுத்துக்கொண்டார். எனக்கு இருபது வருடமாக நடப்பது அவருக்கு ஒரே ஒரு பிற்பகல் நடந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை.

அந்தச் சுவரைக் கட்ட வந்ததும் அதே பாஸ்தான். அத்திவாரம் ஆழம் போதாது என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. போய்ச் சொன்னேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"சேர் வரமாட்டாரு," என்றேன். "அவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். இன்னும் ஒரு அடி தோண்டுங்க."

பாஸ் போனை எடுத்து கணவருக்குக் கோல் எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்று என் காதில் விழவில்லை, ஆனால் பாஸின் முகம் மாறியது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார், கையாளிடம் தோண்டச் சொன்னார். அரை அடி தோண்டியதும் நிறுத்தி, போதும்தானே மிஸ் என்றார்.

போதாது என்றேன். மீதி அரை அடி முடியும்வரை நான் அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.