கட்டத்துக்குள் எழுதிய பெயர்

ராயப்பராஜுக்கு மாவு மில், கிணற்று மோட்டார், அச்சு இயந்திரம் எல்லாம் ஒன்றுதான். ஒரு பொருள் ஒரு நிலையில் உள்ளே போகிறது, வேறு நிலையில் வெளியே வருகிறது. நடுவில் இயந்திரம் கொஞ்சம் செய்கிறது, ஆள் கொஞ்சம் செய்கிறான், அவ்வளவுதான் சங்கதி. இதைக் கட்டமும் அம்புக்குறியுமாகச் சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டுவார். பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்ததோ தெரியாது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் முதலாளி முகமது பாரூக் தோல் பதனிட ஒரு டிரம் வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் வாணியம்பாடிக்குப் போய் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்திருப்பார்கள்.

"டிரம் எப்படி இருக்கணும்னு பெறகு பாப்போம் மொதலாளி. தோலுக்கு என்ன ஆகணும், அதை மொதல்ல சொல்லுங்க" என்றார் ராயப்பராஜ்.

மூன்று மாதத்தில் மரத்தால் ஒரு டிரம் எழுந்து நின்றது. குழியில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஒரு மாதம் ஊறிய தோல், இதில் பத்தே நாளில் பக்குவமானது. அதன் வரைபடத்தில் ஆளுக்கும் ஒரு கட்டம் இருந்தது. சத்தத்தைக் கேட்டு, தோலை அமுக்கிப் பார்த்து, டிரம்மை நிறுத்துகிறவனுக்கான கட்டம். அதில் 'ஃபிட்டர்' என்று எழுதினால் போதும். மனுஷர் தன் முழுப் பெயரையும் எழுதி வைத்தார். தற்பெருமை, வேறென்ன.

பரிசோதனைக்கு வந்த அரசாங்கத் தொழிற்சாலை அதிகாரி வரைபடத்தைப் பார்த்து அசந்துபோனார். அதில் பெயர் உள்ளவர் மட்டுமே இயந்திரத்தை இயக்க வேண்டும் என்று உத்தரவு எழுதி முத்திரையும் குத்தினார். ஒரு மாதம் ராயப்பராஜைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நான்கு வருடம் கழித்துக் கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்று வரைபடப் பிரிவுக்கு அவரை அழைத்தது. பன்னிரண்டு நாளில் சேர வேண்டும். இயந்திரம் பிறக்கும் முன்பே அதைப் பற்றி யோசிக்கச் சம்பளம் தரும் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

முதலாளி மறுக்கவில்லை. "நல்லாப் போயிட்டு வாப்பா. ஆனா நீ போன அன்னைக்கே உத்தரவுப்படி டிரம்மை நிறுத்தணும். குழியெல்லாம் மூடியாச்சு. இங்க வேலை பாக்குற பதினெட்டுப் பேத்துக்கு நான் என்ன சொல்லட்டும்?"

தோல் சுமக்கும் ஒச்சம்மாள் வாசலில் நின்றிருந்தாள். "அண்ணே, மூனு புள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்குட்டுப் போவேன்?" என்றாள்.

ராயப்பராஜ் வரைபடத்தில் இருந்த தன் கட்டத்தையே உடைக்க உட்கார்ந்தார். உள்ளே இருந்த ஆள் உண்மையில் என்னதான் செய்கிறான்? காதால் செய்வதைக் கடிகாரம் செய்யும். தோலின் ஓரத்தை நறுக்கி உள்நிறத்தைப் பார்த்தால் அமுக்கிப் பார்க்க வேண்டாம். தண்ணீர் அளவுக்கு ஒரு கோடு போதும். ஐந்தாம் நாள் புது வரைபடம் தயாரானது. ஓரளவு விவரம் தெரிந்த எந்த ஃபிட்டரும் அந்த டிரம்மை ஓட்டலாம். தான் தேவையில்லை என்பதை அவரே நிரூபித்துவிட்டார். வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை என்று அவருக்குத் தோன்றியது.

அதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் வரைபடத்தைப் பிரிக்கக்கூட இல்லை. "பேரை எடுக்கணும்னா மெட்ராஸுக்கு எழுதணும். ஆறு மாசம் ஆகும்" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஆறு நாள்கூடக் காத்திருக்கத் தயாராக இல்லை.

சேர வேண்டிய நாளன்று ராயப்பராஜ் வழக்கம்போல டிரம்மை ஓடவிட்டார். உத்தரவை மீறி டிரம்மை வேறு ஆளிடம் விட்டுப் போய்விடலாமா என்று நூறு முறை யோசித்திருப்பார். பிடிபட்டால் ஷாப்பையே மூடிவிடுவார்கள். ஒச்சம்மாள் எதிரே தோலைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மனைவி ரோஸ்மேரி வைத்த சோற்றைத் தொடாமல் கேட்டார்:

"அன்னைக்கு வெறுமனே ஃபிட்டர்னு எழுதியிருந்தா?"

ரோஸ்மேரி அவர் தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை வைத்தாள்.

"நீங்க அப்பிடி எழுதியிருக்க மாட்டீக" என்றாள்.