பேரிங்குக்குள் ஓடிய மின்சாரம்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம் புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே கிரேன் மோட்டார்களைக் கவனித்த எலக்ட்ரீசியன் ஒல்லியானவர்; இடது காது மந்தம். தினமும் ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியை வலது காதில் வைத்து பேரிங்கின் சத்தத்தைக் கேட்பார்.

ஒருநாள் கிரேனின் இரும்புச் சட்டத்தில் விரிசல் கண்டு வெல்டிங் வைத்தார்கள். வெல்டிங் மெஷினின் எர்த் வயரை எங்கோ தூரத்தில் மாட்டியிருந்தார்கள். அவர் ஃபோர்மேனிடம் ஓடினார்.

"முசியே, எர்த்த வெல்டிங் பக்கத்துலயே மாட்டச் சொல்லுங்க. இல்லாட்டி கரண்டு பேரிங் வழியாப் போயி குண்டையெல்லாம் அரிச்சிடும்."

"உன் வேலயப் பாருய்யா."

மூன்றாம் வாரம் பேரிங் இறுகி மோட்டார் நின்றது. கழற்றிப் பார்த்தால் குண்டுகளில் பொடிப்பொடிக் குழிகள். கிரீஸ் போடாததுதான் காரணம் என்று சொல்லி ஃபோர்மேன் அவரை வேலையிலிருந்து நீக்கவைத்தார்.

வாரம் தவறாமல் அவர் கிரீஸ் வாங்கிப்போனது என்னிடம்தான். அதை மேலே சொல்லட்டுமா என்று கேட் வாசலில் அவரிடமே கேட்டேன்.

"வேணாங்க. உங்க வேலயும் போயிடும். உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் நெல்லித்தோப்புப் பக்கம் நடந்து போனார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவேயில்லை.