பச்சையாகத் தெரிந்த வயல்

என் மேசை இழுப்பறையில் ஒரு பாலிதீன் உறை இருக்கிறது. அதற்குள் காய்ந்த மல்லாட்டைச் செடி ஒன்றும் மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றும். நிலக்கடலையைச் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். செடியின் காய்கள் வெடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முளை நீண்டிருக்கிறது. உறையை என்னிடம் கொடுத்தவர் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். ஊருக்கே அவர் நிருபர் அண்ணன்.

அப்போது நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தக் கணக்கெடுப்பாளராக இருந்தேன். வயல் வயலாகப் போய்க் கைபேசியில் படம் எடுத்து, பயிரின் நிலையைக் குறிக்க வேண்டும். காய்ந்தது, மூழ்கியது, நன்று என மூன்றே கட்டங்கள். காலநிலை மாறிவருவதால் உழவருக்கு இது பெரிய துணை என்று பயிற்சியில் சொன்னார்கள்; நானும் மனதார நம்பினேன். காலையில் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் என்னைப் பார்த்ததும் நிருபர் அண்ணன், "இன்னா கம்பெனி, இன்னிக்கு எத்தினி போட்டோ?" என்பார். அவருடைய நாளிதழில் ஒரே ஏரியின் வெடிப்புப் படம் ஆண்டுதோறும் வருவதை நான் சொல்லிக் காட்டுவேன். "ஏரி பழசுதாம்மா, வெடிப்பு புதுசு" என்று டீயை ஊதுவார். ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் ஏறுமுன் ஆளுக்கொரு திசையில் வண்டியைக் கிளப்புவோம். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் மனம் லேசாகிறது.

ஓர் ஆண்டு பங்குனியில், மல்லாட்டை பிடுங்க வேண்டிய வாரத்தில், மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் விடவில்லை. ஓய்ந்ததும் தொண்டூருக்குப் போனேன். குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்த அக்கா ஒருவர் வரப்பில் நின்றிருந்தார். அந்த விளைச்சலை நம்பித்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார். மழையில் புதுத் தழை விட்டு வயல் பளபளவென்று இருந்தது. "மேல பாக்காதம்மா" என்று சொல்லி ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினார். காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்திருந்தது. விற்கவும் ஆகாது, விதைக்கும் ஆகாது. மேலதிகாரியைக் கைபேசியில் அழைத்துக் கேட்டேன். படத்தில் தெரிவதைக் குறித்தால் போதும் என்றார். வயல் காயவுமில்லை, மூழ்கவுமில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருக்க, 'நன்று' என்ற கட்டத்தைத் தொட்டேன்.

அதே வாரம் நிருபர் அண்ணனும் அந்த வயலைப் படமெடுத்து, முளைத்த காயைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பினார். பச்சையாக இருக்கும் வயலில் செய்தி என்ன இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். செய்தி வரவில்லை, படம் மட்டும் வந்தது. 'கோடை மழையில் பசுமை போர்த்திய செஞ்சி வட்டாரம், கண்கொள்ளாக் காட்சி' என்று வண்ணத்தில் அச்சிட்டு, கீழே அவர் பெயரையும் போட்டிருந்தார்கள்.

இழப்பீடு கேட்டு, உழவர் குறைதீர்க் கூட்டத்துக்கு அக்காவும் நிருபர் அண்ணனும் அந்தச் செடியோடு வந்தார்கள். நான் எங்கள் நிறுவன அதிகாரியின் பின்வரிசையில் இருந்தேன். அரசு அலுவலர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய படிவத்திலும் வறட்சி, வெள்ளம் என்ற இரண்டே சேதங்கள். ஒரு செடி ஒரு வயலாகுமா, வேறு ஆதாரம் உண்டா என்றார். எங்கள் அதிகாரி நான் எடுத்த படத்தை மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் செய்தித்தாள் துண்டை வைத்து, நிருபர் அண்ணனிடம், "இது உங்க பேருதானுங்களே?" என்றார். அவர் தன் பெயரைப் படித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: நானும் பார்த்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. தலைகுனிந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது அக்கா கோபப்படவில்லை. "உன் போனு மேலதான் பாக்கும். நீ பாத்தியேம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தேநீர்க் கடையில் நிருபர் அண்ணன் இந்த உறையை நீட்டினார். "நீ எடுத்ததும் பொய் இல்ல, நான் எடுத்ததும் பொய் இல்ல. ரெண்டும் சேந்து அந்தம்மாவ பொய்யாக்கிடுச்சி. நீயே வெச்சிக்கோ" என்றார். அன்று அவர் டீயை ஊதவில்லை. நான் கண்டதையெல்லாம் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் வருவதற்குள் அக்கா அடுத்த பயிருக்காக உழுதுவிட்டிருந்தார். இனிச் சரிபார்க்க வழியில்லை என்று பதில் வந்தது. அக்காவின் மகள் படிப்பை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நிருபர் அண்ணனும் நாளிதழை விட்டுவிட்டு வேறு ஊரில் கைபேசி பழுதுபார்க்கிறார்.

இன்று நாளிதழ்கள் காலநிலைக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகின்றன. நிறுவனங்களின் நாட்காட்டியில் பச்சை இலை அச்சிட்டிருக்கிறது. அரசின் அறிவிப்புகளிலும் காலநிலை என்ற சொல் தவறாமல் வருகிறது. இவற்றை நான் இகழவில்லை, தேவையானவைதான். ஆனால் இவற்றில் எதைப் படித்தாலும், எழுதியவர் ஒரு செடியையாவது பிடுங்கிப் பார்த்தாரா என்று மனம் கேட்கிறது. பிறகு இழுப்பறையைத் திறக்கிறேன். செடி தொட்டாலே நொறுங்குகிறது. வேர்மண் உறையின் அடியில் உதிர்ந்து கிடக்கிறது. செய்தித்தாள் துண்டில் அந்த வயல் மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.