அத்தை கேட்ட நீளமான பாட்டு

மராத்தி பேசும் ஊரான ஆகுர்டியில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு மாதம் ஒரு புதுப் பாட்டு வரும். டிவியில் ஆடுகிற வீடியோ கேமுக்கான பாட்டு அது. திரையில் வண்ணப் புள்ளிகள் தாளத்தோடு இறங்கி வரும். பிளாஸ்டிக் டிரம்மில் அதே நிறத் தட்டைக் குச்சியால் அடிக்க வேண்டும். நாலைந்து தவறினால் பாட்டு அறுந்துபோகும். கேமின் இன்டர்நெட் கடையில் வாராவாரம் புதுப் பாட்டுகள் வந்து குவியும். ஆனால் மாதத்துக்கு ஒன்றுதான் இறக்கலாம் என்பது அப்பாவின் சட்டம்.

பாட்டு ஓடும்போது யாரும் கூப்பிடக் கூடாது என்பது என் சட்டம். சோறு வேண்டாமென்று குப்புறப் படுத்து, அழுது, அம்மாவிடம் வாங்கிய சட்டமாக்கும்!

நான் மூன்றாவது படிக்கும்போது அப்பாவின் அக்கா, என் அத்தை, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். இனி மாமாவிடம் போகமாட்டேன் என்றாள். ஏன் என்று என் காதுபட யாரும் பேசவில்லை. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு தக்காளி விலைக்குத் தாவிவிடும். எப்படியாவது அவளைச் சமாதானம் செய்து அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா துடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் செய்வார். பேசிவிட்டு வைத்தால் அத்தை அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அதனால்தான் டிரம் கற்றுக்கொடுத்தேன். ஒரு ஞாயிறு அவள் தட்டுத்தடுமாறி அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்தார். “பாதியில கூப்புடாதீங்க, தோத்துப்போயிருவாங்க” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. அப்பா விழித்தார். “அக்கா வாசிச்சிட்டு இருக்குதுங்க மச்சான். ஆமாங்க, டிரம்மு” என்று போனில் சொன்னார். மாமா என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், அத்தைக்குப் பைத்தியமே பிடித்துக்கொண்டது. ஞாயிறானால் தோசை ஆறினாலும் கவலையில்லை, டிரம் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். காக்கு என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டுப் பெண்மணி படியேறி வந்து, “ஹளூ வாஜவா ஹோ!” என்று, மெதுவாக அடிக்கச் சொல்லி மராத்தியில் கெஞ்சிவிட்டுப் போனாள். அம்மா ஜமுக்காளத்தை நாலாக மடித்து டிரம்முக்கு அடியில் போட்டாள்.

அத்தையின் ரசனைதான் எனக்குப் பிடிபடவேயில்லை. வாங்குமுன் புதுப் பாட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். நான் துள்ளலாக ஒன்றைப் போட்டுக் காட்டுவேன். அவள் காதே கொடுக்காமல், “இது எத்தன நேரம் ஓடும் கண்ணு?” என்பாள். பாதிக்குமேல் கிடாரை இழுத்துக்கொண்டே இருக்கிற அறுவைப் பாட்டுகள்தான் அவளுக்கு உயிர். வயதானவர்களுக்கு மெதுவான பாட்டுதான் ஒத்துவருமோ? அவளையே கேட்டேன். “நீளமா இருந்தா நல்லதுதான கண்ணு” என்று சிரித்தாள். சரி, கோயம்புத்தூர்க்காரர்களின் சிக்கனம், கொடுத்த காசுக்கு நிறையப் பாட்டு வேண்டுமாக்கும் என்று முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிறு மாமா நேரிலேயே வந்துவிட்டார். நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “கெளம்பு, டிக்கெட் எடுத்தாச்சு” என்றார் அத்தையின் முதுகைப் பார்த்து.

“பாட்டு ஓடறப்ப பேசக் கூடாதுங்க மாமா!” என்றேன்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாமா சோபாவில் உட்கார்ந்தார். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் வண்ணப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. பாட்டு முடிந்து திரை நிறைய நட்சத்திரங்கள் வந்தபோது நான் குதித்தேன்.

“முடிஞ்சுதல்ல, வா” என்று மாமா எழுந்தார்.

அத்தையின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவி உருண்டது. அப்பா குனிந்து எடுத்தார். அதை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, “இன்னொண்ணு போடுடா. இருக்கறதுலயே நீளமானது” என்றார்.

போட்டேன். மாமா டீயைத் தொடாமல் வெளியே போனார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனிதருக்கு ஒரு தடவைகூட ஆடக் கொடுக்கவில்லையே! பின்னாலேயே ஓடினேன். லிஃப்ட் இறங்கத் தொடங்கியிருந்தது. கம்பிக் கதவில் முகத்தை வைத்துக் கீழே பார்த்துக் கத்தினேன்:

“கோவிச்சுக்காதீங்க மாமா! அடுத்த தடவ மொதல்ல உங்களுக்குத்தான்! புதுசா ஆடறவங்களுக்குச் சின்னப் பாட்டும் இருக்குது!”