கடல்விமானத்தில் ஓர் இடம்

செல்லையருக்குக் கிடைத்த இடத்தைப் பொய் சொல்லிப் பறித்தவன் நான். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்து அரியாலைக் கடலேரியில் இறங்கிச் சேற்றில் சிக்கிய கடல்விமானத்தைத் தோணியில் கயிறு கட்டி இழுத்துவிட்டவர் அவர். அதற்கு நன்றியாக அவரை ஏற்றிப் பறக்க வெள்ளைக்கார விமானி விரும்பினான். மொழிபெயர்க்க நின்ற நான், அவர் பயப்படுகிறார் என்று சொல்லி நானே ஏறிக்கொண்டேன்.

இன்று அதே கரையில் வலை உலர்த்தும் அவரிடம் உண்மையைச் சொல்லி, பலாலியிலிருந்து கொழும்புக்குப் பறப்பதற்கான விமான டிக்கெட்டை நீட்டுகிறேன்.

"உது தண்ணியிலை இறங்குமோ, மாஸ்டர்?"

"இல்லை."

"அப்ப எனக்கேன்? கடலிலை நான் நட்ட வலைக்கம்பெல்லாம் மேலையிருந்து எப்பிடித் தெரிஞ்சது? அதைச் சொல்லுங்கோ."

"பயத்திலை நான் கண்ணே திறக்கேல்லை, செல்லையா."

அவர் இருமி இருமிச் சிரிக்கிறார். "அட கோதாரி! அப்ப ரெண்டுபேருமே பறக்கேல்லை."

சிரிப்பு அடங்கியதும், விமானம் மிதந்த இடத்தைப் பார்த்தபடி இருவரும் நிற்கிறோம்.