அக்காவுக்கு மஞ்சள்

அந்தக் கெட்டில் வாங்கும்போது உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்றே மாதத்தில் மஞ்சள் ஏறிவிட்டது; எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதி. அதன் இரண்டாவது மாடியில், நான்கு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறையில், ஜன்னல் ஓரமாக அது உட்கார்ந்திருக்கும். விடுதியில் சமைக்கக் கூடாது, சுடுதண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். எங்கள் ரூம் அக்கா அதில் பால் காய்ச்சினாள், டீ போட்டாள், போட்ட எல்லாவற்றிலும் மஞ்சளையும் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசையாகக் காப்பி கலந்தால் அது காப்பியா ரசமா என்று கண்டுபிடிக்க முடியாது.

எல்லோரும் அவளை ஈரோட்டுக்காரி என்றே நினைத்தார்கள். அவளுக்குச் சாயல்குடிப் பக்கம். "எங்க ஊர்ல வெளையிறது கருவேல மரந்தான்டி. மஞ்சளெல்லாம் கடையில வாங்குறதுதான்" என்பாள். நான் அருப்புக்கோட்டை. எனக்கு அப்போது இருபது வயது, அவளுக்கு இருபத்தேழு. ஒரே கம்பெனி, ஒரே லைனில் அடுத்தடுத்த நாற்காலி. சர்க்யூட் போர்டில் பொடிப்பொடியான பாகங்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஏசியில் விரல் விறைக்கும். அந்தக் குளிர் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வறட்டு இருமல் பிடித்தது. இருமினால் கை ஆடும், கை ஆடினால் போர்டு வீண். இருமுகிறவர்களை லைனிலிருந்து எடுத்து பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் மஞ்சளைப் பிடித்தாள்.

மருந்துக்கென்று பிடித்தவள் ருசிக்காகத் தொடர்ந்தாள். எழுந்ததும் வெந்நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள், பாதி எலுமிச்சம்பழம். ஷிப்ட் முடிந்து வந்தால் பாக்கெட் பாலில் மஞ்சள், இடித்த மிளகு, பனங்கற்கண்டு. பால் பொங்கி வழிவதற்குள் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதால் கெட்டில் பக்கத்திலேயே காவலுக்கு நிற்பாள். வார லீவில் மோரில் உப்பும் மஞ்சளும் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு ஆளுக்கொரு டம்ளர். பால் இல்லாத டீயில் இஞ்சியோடு மஞ்சள் தட்டிப் போட்டதுதான் எனக்கு முதலில் பிடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்க ஆரம்பித்தவள், ஒரு மாதத்தில் "இன்னைக்கு மஞ்சள் கம்மிக்கா" என்று குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்குச் சிரித்து மாளவில்லை. இதனால் நோய் தீருமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் இருமல் குறைந்தது, எனக்குத் தொண்டைக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விடுதி முழுக்க அவளுக்கு மஞ்சக்கா என்றே பெயராகிவிட்டது. கோபப்பட மாட்டாள். "வையிங்கடி, வையிங்க. நாளைக்குச் சளி புடிச்சு என்கிட்டதான வருவீங்க" என்பாள். வந்தோம் என்பதும் உண்மைதான்.

நாங்கள் இருவரும் டிரெயினி. இரண்டு வருடம் முடிந்ததும் சிலரை மட்டும் பெர்மனன்ட் ஆக்குவார்கள், மற்றவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு இது போனால் வேறு கம்பெனி. அக்காவுக்கு அப்படியில்லை. அந்த வட்டாரத்தில் இருபத்தைந்து தாண்டிய பெண்ணை எந்தப் பெரிய கம்பெனியும் புதிதாக எடுக்காது. எங்கள் லைனிலிருந்து இரண்டு பேரை எடுப்பார்கள் என்றும், அக்காவும் நானும்தான் அந்த இரண்டு பேர் என்றும் சூப்பர்வைசரே ஜாடையாகச் சொல்லியிருந்தார். லிஸ்ட் வரப் பத்து நாள் இருந்தது. அதுவரை லீவு கூடாது, மெமோ கூடாது. மெமோ என்றால் தப்புக்குக் கொடுக்கும் தாள். ஒன்று வாங்கினாலும் பெயர் போய்விடும்.

அந்தச் சமயம் பார்த்து விடுதியின் அடுத்த கட்டடத்தில் இரண்டு பெண்களுக்கு மஞ்சள் காமாலை. தண்ணீர் சரியில்லை என்றார்கள். கம்பெனியில் எல்லோரும் அரண்டு கிடந்தார்கள்.

அன்று காலை ஷிப்ட். கட்டிலுக்கடியிலிருந்து என் பையை இழுத்தேன், முழங்கை பட்டு அக்காவின் டம்ளர் கவிழ்ந்தது. கட்டிலில் எடுத்து வைத்திருந்த அவளுடைய வெள்ளைக் கம்பெனிக் கோட்டில் மஞ்சள் வெந்நீர் அப்படியே கொட்டிவிட்டது. கறையோடு லைனுக்குள் விட மாட்டார்கள். அக்கா இரண்டு கையாலும் போட்டுத் தேய்த்தாள். கையெல்லாம் மஞ்சளானதே மிச்சம். கீழே பஸ் ஹார்ன் அடித்தது. "நீ போடி. பக்கத்து ரூம்ல கோட்டு வாங்கிட்டு அடுத்த பஸ்ல வாரேன். மஞ்சள் கொட்டிருச்சுன்னு சார்கிட்ட சொல்லிரு" என்றாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் பாதியாகத்தான் சொல்வேன். லைனில் காதில் பஞ்சு, வாயில் மாஸ்க், பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. வாலாஜாபாத்துக்காரரான சூப்பர்வைசர் வந்து காலி நாற்காலியைக் காட்டினார்.

"இன்னாமா, எங்க உங்க அக்கா?"

"அக்காவுக்கு மஞ்சள் சார். லேட்டா வருவாங்க."

"மஞ்சளா? இன்னாமா சொல்ற, காமாலையா?"

கேட்டது. அரைகுறையாகத்தான் கேட்டது, ஆனால் கேட்டது. என் முன்னால் நான்கு போர்டுகள் சேர்ந்துவிட்டன. இவருக்கு நின்று கதை சொல்ல யாரால் முடியும் என்று தலையை ஆட்டிவைத்தேன். அவர் இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் ஆட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே வந்து என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார். "வாமா, உங்க அக்காவ கேட்லயே நிறுத்தி வெச்சுக்கினு கீறாங்க. அதே ரூமு தானே நீ? உனக்கும் செக் பண்ணணும்." மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். போனால், கேட்டில் அக்காவை ஒரு நாற்காலியில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். பத்தடி தள்ளி நர்ஸ், எச்.ஆர். ஆபீசர், செக்யூரிட்டி அண்ணன். "கையைப் பாருங்க சார், எப்படி இருக்குன்னு" என்றார் நர்ஸ். உள்ளங்கை, நகம் எல்லாம் பளிச்சென்று மஞ்சள். பதினைந்து நாள் லீவில் ஊருக்கு அனுப்பப் பேப்பர் தயாராகிக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு நிமிடம் தன் கையையே பார்த்தாள். பிறகு செக்யூரிட்டி அண்ணனிடம், "அண்ணே, சுண்ணாம்பு வச்சிருக்கீங்கள்ல?" என்றாள். டூட்டியில் வெற்றிலை போடக் கூடாது. அவர் திருதிருவென்று விழித்து, சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பியை எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒரு துளி சுண்ணாம்பை உள்ளங்கையில் வைத்து, எச்சிலைத் தொட்டுத் தேய்த்தாள். கை சிவந்தது, ஆரத்தித் தண்ணீரின் அதே சிவப்பு. "காமாலைக்காரி கை செவக்குமா மேடம்? இது கறிமஞ்சள்" என்று கண் இமையையும் இழுத்துக் காட்டினாள். நர்ஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் எச்.ஆர். ஆபீசர் சிரிக்கவில்லை. "அப்போ காமாலைன்னு யார் பொய் சொன்னது?" என்றார்.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "நான்தான் சார் அவள அப்படிச் சொல்லச் சொன்னேன். லேட்டாயிருச்சு, திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்." என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பார்வைதான் வாயை மூட வைத்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அதுதான் உண்மை.

மெமோ அவளுக்குப் போனது. அன்று சாயங்காலம் அறையில், "சார்தான்க்கா தப்பாக் கேட்டுக்கிட்டாரு" என்று அழுதேன். "சரி விடு, அவருக்குக் காது மந்தம்" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பத்தாம் நாள் லிஸ்ட்டில் என் பெயர் இருந்தது. அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு மணிமங்கலம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனாள்.

அதன் பிறகும் எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாள். என் மகளுக்குச் சளி பிடித்தால் அவளுக்குத்தான் போன் போடுவேன். பாலில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு மிளகு என்று சொல்வாள். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு சார் தப்பாக் கேட்கல. காமாலையான்னு ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டு தடவையும் தலையாட்டுனது நாந்தான்."

"தெரியும்டி."

எப்படி என்றேன்.

"அன்னைக்கே சாயந்தரம் சாரே என்னையக் கூப்பிட்டுச் சொன்னாரே. அந்தப் பொண்ணுதான் தலையாட்டுச்சு, நான் சொல்லச் சொல்லலன்னு எழுதிக் குடு, மெமோவை எடுத்துர்றேன்னாரு."

அடுப்பில் பொங்கி வந்த பாலை இறக்கி வைத்தேன். பிறகு, "ஏன்க்கா எழுதல?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்தா அது உனக்குல்ல வந்திருக்கும்" என்றாள் அக்கா. "பாலை எறக்கிட்டியா? ஆறப்போகுது, பிள்ளைக்குக் குடு."